கல்யாண மண்டபத்தில் சாய்ந்த ராக்கெட்

நான் செய்த முட்டாள்தனங்களை எல்லாம் எழுதினால் இந்தத் தொடர் நான் செத்த பிறகும் ஓடும். அவற்றில் முதல் பரிசு எதற்கு என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். கூடப் பிறந்த தங்கையின் கல்யாண மண்டபத்தில், மணமேடைக்கு நேர் எதிரே, ஒரு டி.வி. பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன் பாருங்கள், அதற்குத்தான்.

வைத்ததுகூடப் பரவாயில்லை. அதில் ராக்கெட் கிளம்புவதைப் போட்டுக் காட்டினேன்.

ராக்கெட் நேராகப் போகாது, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சாயும் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்ன, அதைச் சாய்ப்பதுதான் என் உத்தியோகம். ஆனால் அதை மண்டபத்தில் கூடியிருந்த ஒருவருக்காவது முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இருக்கிறதே, இதை எழுதும்போதுகூடப் பேனா லேசாக ஆடுகிறது. வயசாகிவிட்டதால் ஆடுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பாதீர்கள்.

'இவரா?'

தொண்ணூறுகளின் தொடக்கம், ஆவணி மாதம். தேரடித் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மண்டபம். வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலை. எங்கள் திருவண்ணாமலையில் எந்த வாசலில் நின்று தலையைத் தூக்கினாலும் மலைதான். அன்றைக்கு அதன் உச்சியில் மேகம் ஒன்று ஈரத்துணி போலக் கிடந்தது.

அப்பா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும். ஆகவே கல்யாணம் என் தலையில். தங்கை மல்லிகாவுக்கு அதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் கைகூடும் நேரத்தில் நழுவிப்போயின. ஒன்றுக்குப் பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அந்தக் கட்டைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. மூன்றாவது முறையும் நின்றால் அம்மா தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மல்லிகா தாங்கிக்கொள்வாள். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில் வைத்திருந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். தாயின் அக்கா பச்சையம்மாள்தான் வளர்த்தார். அவரை நாங்கள் அத்தை என்று கூப்பிட்டோம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவரைப் பறிகொடுத்தவர். பேச்சு கம்மி. பெண் பார்க்க வந்த அன்று, 'பொண்ணோட அண்ணன் ராக்கெட்டு விடறவரு' என்று தரகர் என்னைக் காட்டினார். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் துண்டு, கையில் பஜ்ஜித் தட்டு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.

'இவரா?' என்று கேட்டார். அன்று முழுக்க அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அந்த 'இவரா'வுக்குப் பதில் சொல்லத்தான் டி.வி.

நான் வேலை பார்த்தது தெற்கே, கடலோரத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். ராக்கெட் கிளம்பும் இடம் வேறு, கிழக்குக் கரையில். அந்தத் தடவை ஏதோ வால்வு சரியில்லை என்று ஒருமுறை, மழை என்று ஒருமுறை தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மல்லிகாவின் முகூர்த்த நாளிலேயே வந்து நின்றது. லீவு கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். உன் வேலைதான் முடிந்துவிட்டதே, நீ இங்கே இருந்தால் நகத்தைக் கடித்துத் துப்பத்தான் ஆகும், ஊருக்குப் போ என்றார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

மண்டபத்துக்கு எதிரே பஷீர் பாயின் கடை. டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுவார். ஓரத்தில் கண்ணாடிக் கூண்டு அடித்து எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

'கல்யாணத்த டி.வி.ல பாப்பாங்க சார். கல்யாணத்துல டி.வி. பாக்க மாட்டாங்க.'

நான் கேட்பேனா? அவரே பெட்டியைத் தூக்கிவந்து, மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, மண்டபத்தின் பின்கோடியில் தூணோரம் ஒரு ஸ்டூல் போட்டு வைத்துக் கொடுத்தார். மேடையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே.

அந்தத் தூணில் சாய்ந்துதான் பச்சையம்மாள் அத்தை உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர்கள் மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்று அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரே தேடிப் போய் உட்காருகிற இடம் அது. நான் அவருக்காகத்தான் டி.வி. வைத்தேன், பாய் அவருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

சைக்கிளும் சாக்கடையும்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். ராக்கெட் ஏன் சாய்கிறது என்று அன்று சொல்லாமல் விட்டதால்தான் பட்டேன். இன்றாவது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராக்கெட் என்றால் மேலே போவது என்றுதான் நானும் வேலையில் சேரும்வரை நினைத்திருந்தேன். வெறுமனே மேலே போனால், போன வேகம் தீர்ந்ததும் கீழேதான் வரும். பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் பக்கவாட்டில் அசுர வேகம் வேண்டும். சரி, கிளம்பும்போதே படுக்கவைத்து ஓட்டிவிடலாமே? தரைக்குப் பக்கத்தில் காற்று கெட்டியாக இருக்கிறது. அதைப் பிளந்துகொண்டு போவதிலேயே எரிபொருள் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் நேராக எழும்ப வேண்டும். எழும்பிக்கொண்டே மெல்லப் படுக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

இதை எனக்கு முதலில் புரியவைத்தது ஒரு வாடகை சைக்கிள். பள்ளிக்கூட நாளில் செங்கம் ரோட்டில் ஓட்டிப் பழகினேன். வேகமாகப் போய், ஹேண்டிலைப் படக்கென்று ஒடித்துத் திருப்புவேன். சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். நான் மட்டும் சாக்கடைக்குப் போவேன். சந்தின் பெயர் தெரியாவிட்டாலும் எந்தச் சாக்கடை எவ்வளவு ஆழம் என்று எனக்கு அத்துப்படி. பிறகுதான் பிடிபட்டது: வேகமாகப் போகும்போது திருப்பக்கூடாது. உடம்பை ஒரு துளி சாய்த்தால் போதும். சைக்கிள் தானாகத் திரும்பும்.

ராக்கெட்டும் அப்படித்தான். கிளம்பிச் சற்று நேரத்தில், நெருப்பைக் கக்குகிற அடிக்குழாயைக் கொஞ்சம் அசைத்தால், மூக்கு ஒரு துளி கிழக்கே சாயும். உடனே குழாயை நேராக்கிவிட வேண்டும். நாம் செய்வது அவ்வளவுதான். மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். சாய்ந்து போகிறதைப் பூமி கீழே இழுக்க இழுக்கப் பாதை தானாக வளையும். மூக்கும் பாதையோடு வளைந்துகொண்டே போகும். திருப்புவதற்கென்று தனியாக எரிபொருள் கொட்ட வேண்டியதில்லை. நம்மைக் கீழே தள்ளப் பார்க்கிறவனையே வண்டியோட்டியாக உட்கார வைத்துவிடுகிற தந்திரம்.

இன்னொரு நன்மையும் உண்டு. போகிற திசையிலேயே மூக்கு இருப்பதால் காற்று மூக்கில் மட்டும்தான் மோதும். விலாவில் மோதினால் ஆபத்து. ராக்கெட் பார்க்கத்தான் பயில்வான். உள்ளே முழுக்க எரிபொருள், தோல் மெல்லிசு. வேகம் கூடிவிட்டது, ஆனால் காற்று இன்னும் மெலியவில்லை என்கிற ஒரு கட்டம் வரும். அந்த நேரத்தில் மேலே குறுக்குக்காற்று விலாவில் அடித்தால் ஒடிந்துபோகும்.

அதனால் கிளம்புகிற அன்று பலூன் விட்டு மேல்காற்றைப் பார்ப்பார்கள். காற்று கம்மி என்றால் சாய்ப்பதற்கு ஓர் அட்டவணை. ஜாஸ்தி என்றால் காற்றுக்கு மூக்கைக் கொடுக்கிற மாதிரி வேறோர் அட்டவணை. இரண்டையும் போட்டவன் நான். அன்று காலை எதை எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் தாம்பூலப் பைக்குள் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் புள்ளி

தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதே நேரம் டி.வி.யில் ராக்கெட்டின் அடியில் புகை கிளம்பியது. நாதஸ்வரக்காரர் உட்பட மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் தூணுக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். டி.வி.யைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'இவரா' கொஞ்சம் தேய்ந்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

ராக்கெட் எழும்பியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். சாய வேண்டிய நேரத்தில் மிக அழகாகச் சாய்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

'சாய்ஞ்சிடுச்சே' என்றது நடுவரிசையிலிருந்து ஒரு குரல்.

'கவுருதுடா' என்றது இன்னொன்று.

சாய்வதைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். ராக்கெட் விட்டுச் சென்ற புகை, மேலே ஓர் இடத்தில் மிதித்த பாம்பு மாதிரி சட்டென்று நெளிந்து ஒடிந்தது. புகை நெளிந்தால் அந்த உயரத்தில் காற்று பிய்க்கிறது என்று அர்த்தம். எந்த அட்டவணையை எடுத்தார்கள்?

அந்த நொடியில் கரண்ட் போயிற்று.

பழைய டி.வி.க்களில் கரண்ட் போனால் படம் உடனே போகாது. நடுவில் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அணையும். மண்டபமே அந்தப் புள்ளியைப் பார்த்தது. அதுதான் ராக்கெட் என்று நினைத்துவிட்டார்கள். புள்ளி சின்னதாகி, மங்கி, அணைந்தது.

ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. நாதஸ்வரம் எங்கோ நடுவில் நின்றது. ஐயர் மட்டும் மந்திரத்தை விடவில்லை, அவர் டி.வி. பக்கம் திரும்பவே இல்லை.

பச்சையம்மாள் அத்தை எழுந்து நின்றார். ஏழுமலையின் தாய்மாமன் கோவிந்தசாமியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

'கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. அது இன்னா ஆச்சுன்னு தெரியட்டும்.'

'அக்கா, அதுக்கும் இதுக்கும் இன்னா?'

'என் கழுத்துல தாலி ஏறும்போது குத்துவிளக்கு அணைஞ்சிது. பாத்தவங்க யாரும் எங்கிட்ட சொல்லல. எனக்குத் தெரியாமலே கட்டுனாங்க. இவனாவது தெரிஞ்சிக்கிட்டுக் கட்டட்டும்.'

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து சமாளித்திருப்பேன். முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுற்றுகிறார். அவருக்கு என்மேல் கோபமில்லை. எனக்கிருந்த பயம்தான் அவருக்கும்.

முருங்கைக்காய்

கோவிந்தசாமி மாமா நல்ல மனுஷர். என்னைத் தனியாக இழுத்து, நல்ல நேரம் முடியப் போவுது, அதுக்குள்ள அக்காவுக்குப் புரியவைங்க, இல்லைன்னா வேற நாள்தான் பாக்கணும் என்றார்.

வேறு நாள். முதல் இடமும் இரண்டாவது இடமும் எங்களிடம் கடைசியாகச் சொன்னது இந்த இரண்டு வார்த்தைதான். அம்மா முன்வரிசையில் வாயில் சேலையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மேடையில் மல்லிகா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றிச்சுட்டி மட்டும் லேசாக ஆடியது.

அத்தையிடம் ஓடினேன். நம்ம ஊர்த் தேர் முக்கில் திரும்பும்போது யாராவது பக்கத்திலிருந்து தள்ளுகிறார்களா, சக்கரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டையைக் கொடுக்கிறார்கள், தன் கனத்தால் தேரே திரும்பிக்கொள்கிறது, அந்த மாதிரிதான் இதுவும், சாய்ந்தது நல்லதுக்குத்தான் என்றேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. மாமாகூடத் தலையாட்டினார்.

'தேருக்குக் கட்ட போட ஆளு கூடவே வரான். இதுல யாரு ஒக்காந்திருக்கா?'

'யாரும் இல்லீங்க அத்தை. முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சிடுவோம்.'

'யாரு போட்ட கணக்கு?'

'நான்தான்.'

அத்தை என் சட்டையைப் பார்த்தார். அன்றைக்கும் பொத்தானை மாற்றித்தான் போட்டிருந்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு எப்போது நின்றிருக்கிறது? காற்று மூக்கில் பட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டிவிட்டால் நம்பிவிடுவார் என்று தோன்றியது. சமையல்கட்டுக்குப் பாய்ந்து, சாம்பாருக்கு நறுக்கி மீந்திருந்த முருங்கைக்காய் ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். அதை நெட்டுக்கு நிறுத்தி, நுனியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பாருங்க அத்தை, நேரா அழுத்தினா தாங்குது. பக்கத்துல இப்படி அழுத்தினாத்தான்...

படக்.

இரண்டு துண்டு. ஒரு துண்டு உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது.

மண்டபத்தில் அந்த நேரம் அவ்வளவு அமைதி இருந்திருக்க வேண்டாம். அடுப்பில் பாயசம் கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ராக்கெட்டுக்கு என்ன நடக்காது என்று காட்டப் போனவன், என்ன நடக்கும் என்று காட்டிவிட்டேன். அதிலும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே பயத்தை, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஒரு காயில்.

பஷீர் பாய்தான் என் கையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். 'இங்க ஒண்ணும் ஒடைக்காதீங்க சார். போய் போன் போடுங்க. கூண்டு தொறந்துதான் இருக்கு.'

கூண்டுக்குள்

கண்ணாடிக் கூண்டில் ஃபேன் நின்றிருந்தது. உள்ளே யாரோ விட்டுப்போன பீடி வாசனையும் பெண்ணின் அண்ணன் என்று என் கழுத்தில் போட்டிருந்த மாலையின் சம்பங்கி வாசனையும் சேர்ந்து தலையைச் சுற்றின. பாட்டரியில் ஓடுகிற மீட்டர் மட்டும் சிவப்பாக முழித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பிரிவின் நம்பரைச் சுழற்றினேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. நாடு முழுக்க அந்த நம்பருக்கே போன் போடுகிறது போல. கண்ணாடி வழியாக மண்டப வாசல் தெரிந்தது. வாழைமரம் ஒன்று கட்டு தளர்ந்து சாய்ந்திருந்தது. காலையில் அது சாய்ந்திருந்ததா? நினைவில்லை. கண்ணை மலைப்பக்கம் திருப்பினேன். மலைமேல் மேகம் அப்படியே இருந்தது. கீழே இலைகூட அசையவில்லை. மேலே என்ன காற்றோ.

எத்தனையாவது முறையோ, ஜோசப் எடுத்தான். என்னோடு ஒரே மேஜையில் உட்காருகிறவன். பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

'போவுதா?' என்றேன்.

'கடைசிக் கட்டம் எரியுது. பேசாம இரு.'

அப்படியானால் கெட்டிக் காற்றைத் தாண்டிவிட்டது. ஒடியவில்லை. கூண்டுக்குள் அப்படியே உட்கார்ந்தேன். ஆனால் கடைசிக் கட்டம், அதாவது உச்சியிலிருக்கிற கடைசி எஞ்சின், எரிந்து அணைகிற வரை எதுவும் நிச்சயமில்லை. ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அந்த அறையின் மூச்சைக் கேட்டேன். எண்களைப் படிக்கிற குரல் நின்றது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், மீட்டருக்குத்தான் தெரியும்.

அப்புறம் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படுகிற சத்தம். கைதட்டல். ஜோசப் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

காற்று எப்படி இருந்தது என்று கேட்டேன். ஜாஸ்திதான், காலையில் பலூன் பார்த்துவிட்டு உன் இரண்டாவது அட்டவணையைப் போட்டோம் என்றான். கல்யாணம் முடிந்ததா என்றும் கேட்டான். ரிசீவரை வைத்துவிட்டு ஓடினேன்.

நான் இல்லாதபோது

சந்தில் இறங்கும்போதே கெட்டிமேளம் கேட்டது. கால் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே போனால் மேடையில் எல்லாரும் நின்றிருந்தார்கள். மல்லிகாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அம்மா அழுதுகொண்டிருந்தாள், இது அவளுடைய நல்ல அழுகை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் மூச்சிரைக்க, மேலே போயிடுச்சு, நல்லபடியா போயிடுச்சு என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. அட்சதையில் கொஞ்சம் என் தலையிலும் விழுந்தது.

மேடைமேல், மல்லிகாவின் தோளை ஒட்டி, பச்சையம்மாள் அத்தை நின்றிருந்தார்.

நடந்ததைப் பாய்தான் சொன்னார். நான் ஓடியதும் மண்டபத்தில் குசுகுசுப்பு ஆரம்பித்துவிட்டதாம். கிளம்பலாம் என்று ஒரு கூட்டம், இருக்கலாம் என்று ஒரு கூட்டம். அதுவரை குனிந்தே இருந்த மல்லிகா நிமிர்ந்து, தூண் பக்கம் பார்த்து, சாதாரணமாகப் பேசினாளாம்.

'அத்தை, நீங்க ஏன் அங்க தனியா நிக்கிறீங்க? வந்து எம் பக்கத்துல நில்லுங்க.'

'நான் அங்க நிக்கக் கூடாதும்மா.'

'நீங்க வர்ற வரைக்கும் நான் இப்பிடியே ஒக்காந்திருக்கேன். நேரம் போனா போவட்டும்.'

அவ்வளவுதான் பேசினாளாம். மறுபடி குனிந்துகொண்டாளாம். மாமா ஏதோ சொல்ல வாயெடுக்க, மாப்பிள்ளை கையைக் காட்டி அடக்கிவிட்டாராம். அத்தை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு ஓர் அடி வைத்தாராம். அப்புறம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். தாலித் தட்டை அவரிடம் நீட்டியபோது முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். மல்லிகாவே அவர் கையைப் பிடித்துத் தாலிமேல் வைத்தாளாம்.

'காலடில கெடந்த முருங்கக்காய மறக்காம ஓரமா எடுத்துப் போட்டுட்டுதான் போனாங்க சார்' என்றார் பாய். 'யாராவது வழுக்கி விழுந்துடுவாங்கன்னு.'

மல்லிகா செய்ததும் அதேதான், ஒரு துளி சாய்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது; அதற்கு எங்கள் பிரிவில் ஒரு பெயர் உண்டு. அவளிடம் சொன்னால் அடிப்பாள்.

பந்தியின்போது கரண்ட் வந்தது. டி.வி.யில் ராக்கெட் இல்லை. நெற்பயிருக்கு மருந்தடிப்பதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். பாய் பெட்டியை அணைத்து, அழுக்குத் துணியால் மூடி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

மணமக்கள் பந்தியில், மல்லிகாவுக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் அத்தை. சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தது. பரிமாறுகிற சாக்கில் நான் வாளியோடு குனிந்தேன். கூண்டுக்குள் இருந்தபோது, ஒருவேளை ராக்கெட் ஒடிந்திருந்தால் திரும்பி வந்து உள்ளே எப்படி நுழைவது, இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆகவே கேள்வியாகக் கேட்டேன். மல்லி, ராக்கெட் அங்கே கடலில் விழுந்து தொலைந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

அவள் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

'உனக்குத்தான்ணா வேல போயிருக்கும்.'